கை என்றால் எதுவரை

சென்ற மாதம் யோகேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள். பிரிஞ்சாங்குக்கு மேலே, நான் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் இப்போது அவள்தான் மருத்துவ உதவியாளர்.

“சார், ஒரு சந்தேகம். இங்க ஒரு அக்கா வழுக்கி விழுந்துட்டாங்க. எங்க வலிக்குதுன்னா கைங்கிறாங்க. கம்ப்யூட்டர்ல ஃபார்ம் போட்டா விரல், மணிக்கட்டு, முழங்கை, மேல்கை, தோள்னு தனித்தனியா கேக்குது. ஒண்ண அமுக்குனாதான் அடுத்த பக்கம் போவுது. எத அமுக்க?”

“அவங்களக் காட்டச் சொன்னியா?”

“இல்லையே சார்.”

“ஒரு விரலால காட்டச் சொல்லு. விரல் எங்க போய் நிக்குதோ அதை அமுக்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் லா. ஆனா இது நான் கண்டுபிடிச்சது இல்ல.”

யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை, வெயில், வந்த நோயாளிகள், கொடுத்த மருந்து என்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இதை எழுத அதைப் புரட்டத் தேவைப்படவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் ஊசி போடவும், தையல் போடவும், எலும்பு முறிந்தால் பலகை வைத்துக் கட்டவும் கற்றுக்கொண்டேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில், எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்போடு மலையேறினேன்.

தோட்டத்தில் மருத்துவ உதவியாளருக்கு டிரஸ்ஸர் என்று பெயர். எனக்கு மேலே இருந்தவர் வைத்தியலிங்கம் ஐயா. அவர் பெரிய டிரஸ்ஸர், நான் சின்ன டிரஸ்ஸர். ஐயா ஆறடி உயரம், ஒல்லி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். நடக்கும்போதும் நிற்கும்போதும் உட்காரும்போதும் முதுகு ஒரே நேராக இருக்கும். தோட்டத்து மேனேஜர் துரை வந்தால் மற்றவர்கள் இடுப்புவரை வளைவார்கள். ஐயா தலையை மட்டும் ஒரு முறை அசைப்பார். கோயில் திருவிழாவில் மாலை போட வந்தால் கழுத்தில் வாங்க மாட்டார், கையில் வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார்.

“பெரிய டிரஸ்ஸருக்கு முதுகுல மூங்கில வச்சுத் தச்சிருக்காங்க லா,” என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்வார்கள். அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்கள்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் தொழிற்சாலை ஆள் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். கால் வலி என்றார். நான் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். ஐயா என் தோளைத் தட்டி நிறுத்தினார்.

“வாய் சொன்னது போதும். இனி விரல் சொல்லட்டும்.” நோயாளியைப் பார்த்து, “ஒரே விரலால காட்டுப்பா,” என்றார்.

அந்த ஆள் விரலைக் கொண்டுபோய் இடுப்புக்குப் பக்கத்தில், தொடை தொடங்கும் இடத்தில் வைத்தார். ஐயா ஊதா மருந்தில் பஞ்சுக் குச்சியை நனைத்து விரல் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் காலைத் தொட்டார். எந்தப் பக்கம் அசைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே முகம் சுளிக்கிறது என்று பார்த்தார். பார்த்ததை மட்டும் எழுதினார். ‘கால் வலி’ என்ற சொல் அவர் எழுதியதில் எங்கும் இல்லை.

இதுதான் அவருடைய முறை. தலைவலிக்குக்கூடப் புள்ளி வைப்பார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, “என்னடி, பெரிய டிரஸ்ஸர்கிட்ட பொட்டு வாங்கியாச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஐயா சிரிக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார்.

இன்னொரு முறையும் அவரிடம் இருந்தது. ஒருவரால் கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஓர் எட்டு தள்ளி எதிரே நிற்பார். தூக்கிய கை அவருடைய சட்டையில் மேலிருந்து எத்தனையாவது பொத்தானுக்கு நேராக நிற்கிறது என்று கவனிப்பார். பிறகு நாடா வைத்து அளந்தும் எழுதுவார். ஆனால் பேசும்போது பொத்தான் கணக்குத்தான். “போன வாரம் நாலாம் பொத்தான், இன்னிக்கி ரெண்டாம் பொத்தான். பரவால்ல, நல்லா வருது.” நோயாளிக்கு அது உடனே விளங்கும். அடுத்த முறை வரும்போது முதல் பொத்தானை எட்டிவிட வேண்டும் என்று அவர்களே முயற்சி செய்வார்கள்.

ஒருநாள் நான் துணிந்து கேட்டேன். “ஐயா, நீங்க ஏன் எப்பவும் இவ்வளவு விறைப்பா நிக்கிறீங்க?”

“அளவுகோல் வளைஞ்சா அளவு மாறிடும், தம்பி.”

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் ஏற்பட்டால், தோட்டம் ஒப்பந்தம் வைத்திருந்த ஒரு தனியார் காப்புறுதி நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் கேட்டாலும் முதல் பதில் ‘இல்லை’ என்றுதான் வரும். ஊனம் இல்லை, அல்லது ஊனம் உண்டு ஆனால் விபத்தால் வந்ததில்லை, அல்லது விபத்துதான் ஆனால் வேலை நேரத்தில் இல்லை. அலுவலக எழுத்தரான கிராணி ஆளைக் கூப்பிட்டு, “முடியாதாம் லா,” என்பார். ஆளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பத்தில் எட்டுப் பேர் மறுபடி கேட்பதில்லை என்பது அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஐயா அப்படிப் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

“ஒரு வீட்டுக் கதவத் தட்டுற. உள்ளேர்ந்து ‘யாரு’ன்னு கேக்குறான். யாருன்னு கேட்டுட்டான்னு திரும்பியா போவ?”

“இல்லீங்க.”

“இதுவும் அப்படித்தான். இப்பத்தான் ‘யாரு’ன்னு கேட்டிருக்கான். நாம இன்னும் பதிலே சொல்லல.”

பதில் சொல்லும் விதத்திலும் அவர் யாரையும் குற்றம் சாட்ட மாட்டார். ஒருமுறை லோரியிலிருந்து விழுந்து முழங்கால் போன ஒருவருக்கு, ‘இது பழைய மூட்டு நோய்’ என்று பதில் வந்தது. அந்த ஆளை வேலைக்கு எடுத்தபோது சோதித்தவர் ஐயாதான். ‘அன்றைக்கு இந்த முழங்கால் என் முன்னால் உட்கார்ந்து எழுந்தது. வேண்டுமானால் நான் நேரில் வந்து சொல்கிறேன்’ என்று எழுதிப் போட்டார். நேரில் வர வேண்டாம் என்று ஈடு வந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பாக்கியத்தின் விஷயம் வேறு.

பாக்கியம் கொழுந்து பறிப்பவர். அப்போது நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் இருந்தது லயத்தில் ஒரு வீடு. லயத்து வீடு வேலைக்கு உரியது. வேலைப் பதிவில் பெயர் வெட்டினால் வீடும் போகும்.

மழைக்காலத்தில் ஒரு காலை, கொழுந்து நிறைந்த கூடை முதுகில் இருக்கும்போது செங்குத்தான சரிவில் அவருக்குக் கால் வழுக்கியது. வலது கையால் ஒரு செடியை எட்டிப் பிடித்தார். “உடம்பு கீழ போயிருச்சு, கை மட்டும் மேலயே நின்னுருச்சு ஐயா,” என்று அவரே பிறகு சொன்னார். தோள் மூட்டு கழன்றிருந்தது. தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மூட்டை ஏற்றிக் கட்டுப் போட்டு அழைத்து வந்தோம். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் நாளாக நாளாகத் தோளின் உருண்டைச் சதை கரைந்துகொண்டே வந்தது. மூட்டு கழன்றபோது நரம்பு சேதமாகிவிட்டது. விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் பழையபடி வேலை செய்தன. மேல்கையை மட்டும் தூக்க முடியவில்லை.

விபத்து அறிக்கை எங்களிடமிருந்து போவதில்லை. அதை மலைக்காட்டில் வேலையை மேற்பார்க்கும் கிராணி எழுதி, அலுவலகம் அனுப்பும். பாக்கியம் ‘வலது கை’ என்றார். கிராணி ஆங்கிலத்தில் ‘ரைட் ஹேண்ட்’ என்று எழுதினார். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

நிறுவனம் அவரை ஈப்போவில் தன்னுடைய மருத்துவரிடம் அனுப்பியது. சில வாரங்களில் பதில் வந்தது: கை நலமாக உள்ளது, பிடிமானம் நன்றாக உள்ளது, பழைய வேலைக்குத் தகுதியானவர். ஊனம் இல்லை.

அந்தப் பதிலைக் கேட்ட அன்று காலையில் பாக்கியம் மருந்தகத்துக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“என்னம்மா?” என்றார் ஐயா.

“எனக்கு ஒண்ணும் இல்லையாம் ஐயா. நல்லாத்தான் இருக்கேனாம். மாசம் பொறந்தா மலைக்கு ஏறணுமாம். ஏறலைன்னா பேர வெட்டிருவாங்களாம். கிராணி ஐயா சொல்லிட்டாரு.”

“ஈப்போ டாக்டர் என்ன பார்த்தாரு?”

“கையப் பார்த்தாரு. விரல மடக்குன்னாரு, மடக்குனேன். அவரு விரல இறுக்கிப் புடின்னாரு. புடிச்சேன். போதும் விடு விடுன்னுட்டாரு.”

“தோள?”

“தோளப் பத்தி யாரும் கேக்கல.”

“நீ சொல்லலையா?”

“சொன்னேனே ஐயா. கை தூக்க முடியல, கை தூக்க முடியலன்னு நாலு தரம் சொன்னேன். அங்க இருந்த தமிழ்ப் பொண்ணு ஒவ்வொரு தரமும் டாக்டர்கிட்ட சொல்லுச்சு. அவரு ஒவ்வொரு தரமும் விரலத்தான் பார்த்தாரு.”

 ஐயா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கை என்றால் எதுவரை?”

“தோளிலிருந்து விரல் நுனிவரை, ஐயா.”

“இங்கிலீஷ்ல ஹேண்ட்?”

“மணிக்கட்டுவரை.”

“அப்ப மணிக்கட்டுக்கு மேல உள்ள பாக்கியம் இன்னும் ஈப்போவுக்கே போகல,” என்றார்.

அடுத்த வாரம் மணிக்கட்டுக்கு மேல் உள்ள பாக்கியத்தையும் அவரே அழைத்துக்கொண்டு போனார். தோட்டத்து வேலையாக இல்லை, தன் விடுப்பில். என்னையும் வரச் சொன்னார். தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பாக்கியத்துக்குக் குமட்டியது. ஐயா பஸ்ஸின் முன் இருக்கையில் அவரை உட்காரவைத்துவிட்டு ஈப்போவரை நின்றுகொண்டே வந்தார்.

அந்த மருத்துவர் வயதான சீனர். ஐயா அவரிடம் பேசிய விதத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அறிக்கை தவறு என்று சொல்லவில்லை. “டாக்டர், இந்த அம்மாள் உங்களிடம் காட்ட விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது. பார்க்க முடியுமா?” என்றார். பாக்கியத்திடம் திரும்பி, “பேசாத. விரலால காட்டு,” என்றார். பாக்கியத்தின் இடது கை விரல் வலது தோளில் போய் நின்றது. முந்தின நாளே வைத்த ஊதாப் புள்ளி அங்கே இருந்தது.

மருத்துவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். இரண்டு தோளையும் ஒப்பிட்டார். குண்டூசியால் தோலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

“என்னிடம் கையைப் பார்க்கச் சொன்னார்கள். கையைப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு எழுதின பதில் சரி. கேள்விதான் வேறு,” என்றார். அப்போதே புதிய அறிக்கை எழுதினார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நாங்கள் புறப்படும்போது ஐயாவுக்குக் கைகொடுத்தார்.

நேர்மையான மருத்துவர் கிடைத்ததால் விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். துரையும் புதிய அறிக்கைக்குப் பதில் வரும்வரை பாக்கியத்தின் பெயரை வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

பதில் வந்தது. இந்த முறை தோள் பாதிக்கப்பட்டிருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் கொழுந்து பறிப்பது விரலும் முழங்கையும் செய்கிற வேலை. தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான். கையை மார்புக்கு மேல் தூக்க வேண்டிய அவசியம் இந்த வேலையில் இல்லை. ஆகவே வேலைத் திறனில் இழப்பு இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐயா இரண்டு முறை நிதானமாகப் படித்தார்.

“நல்லா யோசிச்சு எழுதியிருக்கான். செடியோட உயரம் சரி. விரல் சரி. முழங்கை சரி.” கண்ணாடியைக் கழற்றினார். “கூடைய மறந்துட்டான்.”

நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் இலாகா அதிகாரி விசாரித்து முடிவு சொல்லலாம். துரை நல்லவர்தான், ஆனாலும் தயங்கினார். காப்புறுதி நிறுவனமே வேலைக்குத் தகுதி என்கிறபோது தான் எதைச் சொல்லி வேலைக்கு வராதவருக்கு அந்த வீட்டை ஒதுக்கி வைப்பது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விசாரணையில் தோற்றால் பாக்கியம் மலைக்கு ஏற வேண்டும், ஏறினால் கொழுந்தில் எடை காட்ட முடியாது, எடை இல்லையென்றால் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் வீடு இல்லை. எல்லாருக்கும் இது தெரியும். பாக்கியத்தின் மூத்த பெண் பள்ளியை விட்டுவிட்டுக் கியா பார்மில் காய்கறி வேலைக்குப் போகிறேன் என்று பேசத் தொடங்கியிருந்தாள். ஐயா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “உங்கம்மா கேஸ் முடியட்டும். அதுவரைக்கும் நீ ஸ்கூல்ல இரு,” என்றார். அவ்வளவு உறுதியாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

விசாரணையை அலுவலகத்தில் வைக்காமல் மருந்தகத்துக்கு அடுத்த மலைச்சரிவில் வைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். மலாய்க்காரரான அதிகாரி என்சிக் ஹாஷிம் சம்மதித்தார். நிறுவனத்தின் சார்பில் கோலாலம்பூரிலிருந்து நாதன் என்ற இளைஞர் வந்தார். பளபளப்பான சப்பாத்து, தோல் பை, கோட். பனி விலகிக்கொண்டிருந்த காலை நேரம். பக்கத்து நிரைகளில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காதெல்லாம் இங்கேதான் இருந்தது.

பாக்கியம் முதுகில் வெறும் கூடையோடு நிரையில் நின்றார்.

நாதன் மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, இந்தச் செடியில உங்களால கிள்ள முடியுமா?”

“முடியும் தம்பி.”

“கிள்ளிக் காட்டுங்க.”

பாக்கியத்தின் விரல்கள் செடியின் மேல் ஓடின. இரண்டு இலை, ஒரு குருத்து. இரண்டு இலை, ஒரு குருத்து. பல மாதங்களாகச் செடியைத் தொடாதவர் என்று சொல்ல முடியாது. நாதன் அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். முடிகிறது, பாருங்கள் என்று மலாயில் சொன்னார். அதிகாரியும் தலையசைத்தார்.  ஐயாவைப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

பாக்கியத்தின் கை நிறைந்தது.

பறிக்கிறவர்களுக்குக் கை நிறைந்ததும் அது தானாகவே தோளுக்கு மேல் போய்க் கூடைக்குள் கொழுந்தைப் போடும். யோசித்துச் செய்வதில்லை. பாக்கியத்தின் கையும் போகத்தான் பார்த்தது. மார்புவரை வந்து நின்றுவிட்டது. உடம்பை ஒரு பக்கமாக வளைத்து வீசிப் பார்த்தார். கொழுந்து பாதி அவர் பிடரியிலும் பாதி மண்ணிலும் விழுந்தது.

“இன்னொரு தரம்,” என்றார் ஐயா.

மறுபடியும் மண்ணில் விழுந்தது. மூன்றாம் முறை பாக்கியம் கையை இறக்கிவிட்டார். “ஐயா, தோட்டத்துக் கொழுந்த இப்படி எறைச்சா கங்காணி வைவாரு,” என்றார்.

நாதனின் புன்னகை போய்விட்டது. ஆனால் அவர் தன் வேலையைச் செய்ய வந்தவர். “இடது கைக்கு மாத்திப் போடலாம்ல?” என்றார்.

“போடலாம் தம்பி. அப்ப ஒரு கை கிள்ளும், ஒரு கை சுமக்கும். ரெண்டு கையும் கிள்ளுனாத்தான் ஒரு பேரு. ஒரு கைக்கு அரைப்பேருதான் போடுவாங்க,” என்றார் பாக்கியம். பேர் என்றால் ஒருநாள் கூலி. அதிகாரிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“சரி, கூடைய முன்பக்கமா மாட்டிக்கிட்டா?”

பக்கத்து நிரையில் சிரிப்பு கிளம்பியது. செல்லம்மா என்ற வயதில் மூத்த தொழிலாளி குரல் கொடுத்தார். “ஆறு மாசப் புள்ளத்தாச்சி மாதிரி இருக்கும் தம்பி. பிரசவத்துக்கும் உங்க கம்பெனி பணம் குடுக்குமா?”

“சும்மா இரு, செல்லம்மா,” என்றார் ஐயா. பிறகு நாதனிடம், “நீங்க கேட்டது நியாயமான கேள்வி. பார்த்துடலாமே. நீங்களே மாட்டிப் பாருங்க,” என்றார்.

நாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மறுக்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கூடையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினார். தேயிலை நிரை நடப்பதற்கென்று விட்ட பாதை இல்லை. செடியும் செடியும் கோத்துக்கொண்டு நிற்கும். இடுப்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கூடை செடியின் மேல் உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கொழுந்து தெரியவில்லை. கூடையைச் சுற்றிக் கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

“தம்பி செடியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்கடி,” என்றார் செல்லம்மா. “பொண்டாட்டி பார்த்தா என்ன சொல்லும்?”

நாதனே சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிக்கொண்டு ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஐயாவிடம் கேட்டார், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று. அன்று முழுவதும் ஐயா வாதம் என்று பேசியது இதுதான்: “கிள்ளுவது விரலுடைய வேலை. ஆனால் தோட்டம் கிள்ளியதற்குக் கூலி கொடுப்பதில்லை. கூடைக்குள் விழுந்ததற்குத்தான் கொடுக்கிறது.”

பிறகு பாக்கியத்தை மருந்தகத்தின் சமதரைக்கு வரச் சொன்னார். ஓர் எட்டு தள்ளி எதிரே நின்றார். “முடிஞ்சவரைக்கும் தூக்கு.” பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கை மெல்ல ஏறி வந்து நின்றது.

“மூன்றாம் பொத்தான்,” என்றார் ஐயா. அதிகாரி வந்து பார்த்தார். நாதனும் வந்து பார்த்தார். நாடாவால் அளந்தார்கள். போன மாதமும் மூன்றாம் பொத்தான், அதற்கு முந்தின மாதமும் அதுதான், இனி ஏறாது என்று ஐயா சொன்னார். அதை நாதன் மறுக்கவில்லை.

புறப்படும்போது முதல் அறிக்கை எப்படித் தவறிப்போனது என்று என்சிக் ஹாஷிம் கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். “எங்கள் மலாயிலும் அப்படித்தான், கைக்கு ‘தாங்கான்’ என்போம். மேல்கை முறிந்தாலும் ‘தாங்கான்’ முறிந்தது என்றுதான் என் அம்மா சொல்வார்,” என்றார்.

நாதன் கூடையைப் பாக்கியத்திடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயாவிடம், “எங்க ஆபீஸ்ல யாரும் இதைப் பார்த்ததில்ல சார்,” என்றார்.

“நீங்க பார்த்துட்டீங்கல்ல,” என்றார் ஐயா.

முடிவு பாக்கியத்தின் பக்கம் வந்தது. நிறுவனம் ஈடு கொடுத்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஊனம் உண்டு என்று எழுத்தில் வந்ததும் துரைக்குத் தயக்கம் போய்விட்டது. உட்கார்ந்தபடி தேயிலைத் தூளில் காம்பு பொறுக்கும் வேலையைத் தொழிற்சாலையில் கொடுத்தார். அதற்குக் கை மேசை உயரத்துக்கு வந்தால் போதும். பெயர் நின்றது, வீடு நின்றது. மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் நின்றாள்.

அந்த நிறுவனம் அதற்குப் பிறகு திருந்திவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். திருந்தவில்லை. ‘இல்லை’ என்ற முதல் பதில் வந்துகொண்டேதான் இருந்தது. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. நாதன் கையெழுத்துப் போட்டு வரும் கடிதங்களில், ‘கை எனில் எந்தப் பகுதி என்பதைக் குறிப்பிடவும்’ என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பக்கத்திலும் மாறியது. எந்த விபத்து அறிக்கையும் மருந்தகத்தில் புள்ளி வைக்காமல் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். பின்னால் சட்டம் மாறித் தனியார் காப்புறுதி போனது. ஊதாப் புள்ளி போகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை வைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஐயா ஓய்வு பெற்றார். மருந்தகத்து முற்றத்தில் பிரிவு விழா வைத்தோம். மாலை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கோயில் தலைவர் கேட்காமல் கொண்டுவந்தார். ஐயா வழக்கம்போல் கையில் வாங்கி என்னிடம் கொடுத்தார். துரை கைகுலுக்கினார். ஐயா தலையை ஒரு முறை அசைத்தார்.

அப்புறம் லயத்துப் பெண்கள் நடுவிலிருந்து பாக்கியம் வந்தார். கம்போங் ராஜாவிலிருந்து செவ்வந்தி வாங்கி அவர்களே கட்டிய மாலை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஐயாவுக்கு எதிரே நின்று தூக்கினார். இடது கை மேலே போனது. வலது கை போகவில்லை. மாலை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. பாக்கியம் இடது கையையும் வலது கையின் உயரத்துக்கே இறக்கிக்கொண்டு அப்படியே நின்றார். 

“இரு பாக்கியம், நான் ஒரு கை புடிக்கிறேன்,” என்று செல்லம்மா எழுந்தார்.

ஐயா உள்ளங்கையைக் காட்டிச் செல்லம்மாவை நிறுத்தினார். பிறகு குனிந்தார். அந்த முதுகு வளைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். யாரும் அவருக்கு உயரம் சொல்லவில்லை. நேராக அந்த இரண்டு கைகளுக்கும் கீழே தலை போய் நின்றது. மாலை கழுத்தில் விழுந்தது.

நிமிர்ந்து, மாலைக்கு அடியில் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அதே மூணாம் பொத்தான்தான்,” என்றார் என்னிடம். “மாறவே இல்ல.”